கழுவாத டம்ளர்

எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் காபி குடித்து முடித்ததும் என் வலது கை டபராவையும் டம்ளரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகுதான் எனக்கே தெரியும். மெதுவாக விட்டுவிடுவேன். எதிரில் இருப்பவர் பார்த்துவிட்டால் சூடு இருக்கிறதா என்று பார்த்தேன் என்று சொல்லி வைப்பேன். காலி டம்ளரில் என்ன சூடு?

இது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். ரத்தத்தில் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நாள் பார்த்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

1974-ஆம் வருஷம். எனக்கு எட்டு வயது, முழுப்பரீட்சை லீவு. அப்பா கொடிக்காலில் கூலி வேலை பார்த்தார். சோழவந்தான் பக்கம், வைகைக் கரையில் எங்கள் ஊர். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகிற டீக்கடைக்காரரின் பேரன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். என்னிடம் படித்தவன். பார்த்தால் வண்டியை நிறுத்தி “டீச்சர், நல்லாருக்கீங்களா” என்று கேட்கிறவன்.

வெற்றிலைக் கட்டு ஏற்றிய லாரியில் அப்பா லோடு ஆளாக மதுரைக்குப் போவார். கவுளி கவுளியாக அடுக்கி, வாழைச்சருகில் பொதிந்து, தண்ணீர் தெளித்த கட்டுகள். அவற்றுக்கு நடுவில் சாக்கை விரித்து அன்றைக்கு என்னையும் உட்கார வைத்துவிட்டார். வெற்றிலையின் கார வாசனை மூக்கில் ஏறி, பரவை வருவதற்குள் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ராத்திரி இரண்டு மணிக்குச் சிம்மக்கல்லில் இறங்கினோம். எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிற தெருவிலிருந்து வந்தவள் நான். இங்கே என்னடா என்றால் இரண்டு மணிக்கு ஒருத்தர் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறார், இரண்டு மணிக்கு ஒருத்தர் தலை வாரி, பவுடர் போட்டு, பளிச்சென்ற சட்டையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இவர்களுக்கெல்லாம் வீடு இல்லையா என்று கேட்டேன்.

“இது மதுரை, பாப்பா,” என்றார் அப்பா. அதெல்லாம் ஒரு பதிலா என்று அப்போது தோன்றியது.

பிற்பாடு அதே கேள்வியை முப்பது வருஷம் வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். மதுரைக்காஞ்சி நடத்தும்போது வரும். நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கு ஒரு கடைத்தெருவும் இரவுக்கு ஒரு கடைத்தெருவும். இரவு ஏற ஏற, அடையும் மோதகமும் விற்ற கூவியர் இருந்த இடத்திலேயே தூங்கி வழிவதை மாங்குடி மருதனார் சொல்லுவார். “பரோட்டா மாஸ்டர் கல்லுக்குப் பக்கத்துல சாக்கைப் போட்டுக் கண்ணசந்திருப்பாருல்ல, அவருதான் கூவியர்,” என்பேன். சிரிப்பார்கள். பரீட்சையில் ஒருத்தன் ‘கூவியர் என்பவர் பரோட்டா மாஸ்டர்’ என்றே எழுதிவிட்டான். பாதி மதிப்பெண் போட்டேன். முழுதாகப் போட்டிருக்கலாம்.

தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிறவர்கள் ஏன் தூங்கவில்லை என்று சொல்வதில்லை. கோயிலுக்கு வரும் கூட்டம் ஒரு காரணம். காய்கறி, பூ, வெற்றிலை என்று சுற்றுப்பட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கிய லோடுகள் இன்னொன்று. ரயிலடி, பஸ் ஸ்டாண்டு. அப்புறம் ஹார்வி மில். சங்கு ஊதினால் ஒரு ஷிப்ட் வெளியே வரும், ஒரு ஷிப்ட் உள்ளே போகும்; இரண்டு பக்கமும் பசி. அந்தப் பசிக்குத்தான் ராத்திரியில் கல் காய்ந்துகொண்டிருந்தது. ஆட்டமும் பாட்டமுமாக விழித்திருந்த ஊர் இல்லை, வேலைக்காக விழித்திருந்த ஊர்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

மண்டியில் கட்டு இறக்கி, கணக்கு முடிந்து, விடிந்துவிட்டது. அப்பா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பிறகு மேலக்கோபுரத் தெரு வழியாக நடந்து வந்து, மாசி வீதிப் பக்கம் திரும்பி, ஒரு ஹோட்டல் வாசலில் நின்றார்.

நின்றார் என்றால், நின்றுகொண்டே இருந்தார். உள்ளேயிருந்து சாம்பார் மணமும் பாத்திரச் சத்தமும் வந்தன. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அப்பா தோள் துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டப் போனார். கட்டவில்லை. மறுபடி உதறித் தோளிலேயே போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து, விறுவிறுவென்று உள்ளே நடந்தார், யாரோ துரத்துகிற மாதிரி.

சலவைக்கல் பதித்த மேஜை. என் கை பட்டதும் ஜில்லென்றது. அரை டவுசர் போட்ட சப்ளையர் பையன் ஒருவன், பதினைந்து வயதிருக்கும், ஈரத்துணியால் மேஜையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “இட்லி வடை பொங்கல் பூரி தோசை ரவா தோசை ஊத்தப்பம்” என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். அதில் அப்பாவுக்குப் பிடிபட்டது முதல் சொல்தான். “இட்லி,” என்றார். என்னைப் பார்த்துவிட்டுப் பையனே, “பாப்பாவுக்குப் பூரி கொண்டாரவாண்ணே?” என்றான். பூரி உப்பிக்கொண்டு வந்தது. அதைக் குத்தி உடைக்க எனக்கு மனசு வரவில்லை. தானாக அமுங்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் மசால் ஆறிவிட்டது.

அப்பாவுக்குக் காபி வந்தது. பளபளவென்ற எவர்சில்வர் டபராவில் கவிழாமல் நின்ற டம்ளர், மேலே நுரை. அவர் டீ குடிக்கிறவர். அன்றைக்கு ஏன் காபி கேட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பக்கத்து மேஜையில் ஒருத்தர் ஆற்றுவதைக் கடைக்கண்ணால் பார்த்து, அதே மாதிரி டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்குமாக ஆற்றினார். இரண்டு சொட்டு சலவைக்கல்லில் விழுந்தது. துண்டு நுனியால் துடைத்தார். உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து, மெதுவாகக் குடித்தார்.

குடித்து முடித்ததும் டபராவையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்து, கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தார். விரலை உள்ளே விட்டுத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார்.

பையன் ஓடி வந்தான். “அண்ணே, அண்ணே! வையுங்கண்ணே. அத நாங்க பாத்துக்கிருவோம்.”

கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு அது ஒன்றுமே இல்லை. ஊருக்குப் புதுசு என்று நினைத்திருப்பான். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா மட்டும் குழாயை மூடாமல், கையில் தண்ணீர் சொட்ட, அங்கேயே நின்றார்.

எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ். கூரை வாரையில் செருகியிருக்கும். அதற்கும் முந்தி சிரட்டை என்பார் தாத்தா. குடிக்க வருகிறவர் தானே அதை எடுத்து, தானே நீட்டி, மேலேயிருந்து ஊற்றுகிற டீயைச் சிந்தாமல் பிடித்து, தரையில் குத்தவைத்துக் குடித்து, தானே கழுவி, திரும்ப அங்கேயே செருகிவிட வேண்டும். பெஞ்சு கிடக்கும். அதில் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லித்தான் தெரியவேண்டும் என்கிற கட்டத்தை ஊர் எப்போதோ தாண்டியிருந்தது. நான் தூக்குவாளி கொண்டுபோவேன். வாளியின் மேல் போகிணி பட்டுவிடாத உயரத்திலிருந்து டீ விழும். அந்த உயரத்தை நான் அளந்து பார்த்ததில்லை, ஆனால் இன்றைக்கும் கையை வைத்துக் காட்ட முடியும்.

அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவில், சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களின் வரிசையில் கடை, உணவகம், ஹோட்டல் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நாட்டுக்கே எழுதிய சட்டத்தில் ஹோட்டலுக்கு எதற்கு இடம் என்று பி.எட். படிக்கும்போது கூட இருந்த பெண் கேட்டாள். நல்ல பெண். இன்றும் சிநேகிதி. அவளுக்கு அது தெரியவேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர் எங்கள் ஆட்களை அழைத்துக்கொண்டு நுழைந்தார். தும்பைப்பட்டிக் கக்கனும் அதில் ஒருவர். அப்போது அப்பாவுக்கு ஒரு வயது. கோயிலுக்கு ஒரு தேதி இருக்கிறது. வருஷா வருஷம் பேப்பரில் வருகிறது. ஹோட்டலுக்கு அப்படித் தேதி கிடையாது. ஒவ்வொருத்தரும் ஒரு வாசலில் தனியாக நின்று, துண்டை என்ன செய்வது என்று யோசித்து, நுழைந்திருக்கிறார்கள்.

அந்த ஹோட்டலின் பெயர் எனக்கு நினைவில்லை. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

1984-இல் கோரிப்பாளையம் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் சேர்ந்தேன், ஹாஸ்டலில் இருந்தேன். ஸ்காலர்ஷிப் காசு வரும் அன்றைக்கு நான்கைந்து பேராக வெளியே போய் ஒரு தோசை சாப்பிடுவோம். ஹோட்டலுக்குள் கால் வைத்ததும் சப்ளையர் கை தானாக உள்பக்கம் நீளும்: “ஃபேமிலி ரூம் அங்கிட்டு இருக்கும்மா.” எண்ணெய் ஏறின திரை, அதற்குப் பின்னால் ஒரு மேஜை, மேலே ஒரு ஃபேன். அது சுற்றினால் சத்தம் வரும், காற்று வராது. ஹாலில் இடம் கிடந்தாலும் அங்கேதான். ஒரு தடவை நான் ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஹாலில் இருந்த அத்தனை பேரும் சாப்பிடுவதை மட்டும் நிறுத்தினார்கள். தோசை வந்து, அதைப் பிய்த்து வாயில் வைப்பதற்குள் எனக்கு டீக்கடைப் பெஞ்சு ஞாபகம் வந்துவிட்டது. கூட வந்தவர்களுக்குச் சிரிப்பு. அவர்களுக்கு அது அன்றைக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

கோரிப்பாளையம் தர்காவைச் சுற்றியிருந்த பாய் கடைகளில் அப்பா சாதாரணமாக இருப்பார். ஹாஸ்டலுக்கு என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அங்கேதான் கூட்டிப்போவார். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, “இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க பாய்” என்று கேட்பார். அந்த ‘இன்னுங் கொஞ்சம்’ வேறு எங்கேயும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கேட்டு வாங்கிச் சாப்பிடுவது என்பது வயிறு சம்பந்தப்பட்ட காரியம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

பரோட்டாக் கடையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. கொத்து பரோட்டா போடுகிற தாளம் தெரு முனையிலேயே கேட்கும். வாழையிலையைத் தட்டின் அளவுக்குக் கிழித்துப் போட்டு, மேலே நெட்டுக்குத்தாகப் பரோட்டாவை அடித்து உதிர்த்துப் போடுவார்கள். விருதுநகரில் அதையே எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள். மதுரைக்காரர்கள் அதைப் பரோட்டாக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஜிகர்தண்டாவும் அப்படித்தான். ஈரல்குலை குளிரும் என்பது பெயருக்கு அர்த்தம். சுண்டக் காய்ச்சின பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். விளக்குத்தூணில் நின்று குடிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் பெயர் சரிதான் என்று தெரியும். எனக்கென்னவோ பருத்திப்பால்தான். அதில் கருப்பட்டியும் சுக்கும் பேசும்.

1991-இல் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அப்பாவைச் சிம்மக்கல் கோனார் கடைக்கு அழைத்துப்போனேன். வெற்றிலை லாரியிலிருந்து இறங்கிய அதே சிம்மக்கல். கறி தோசை போடுவதை நின்று பார்க்கவேண்டும். கல்லில் ஊற்றும் மாவு சாதாரண தோசை மாதிரி மெல்லிசாக ஓடாது, ஊத்தப்பம் கனத்துக்கு நிற்கும். அதன் மேல் முட்டை. முட்டை பாதி பிடிக்கும்போது, மசாலாவில் வெந்து சுருண்ட கொத்துக்கறியை அள்ளிப் பரப்பி, கரண்டியின் முதுகால் அழுத்துவார் மாஸ்டர். அழுத்துகிற இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று எண்ணெய் வெளியே வரும். திருப்பிப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மணத்திலேயே பதம் தெரிந்துவிடும் போல. அப்பாவுக்கு அப்போது கடைவாய்ப் பற்கள் இரண்டு போயிருந்தன. ஒரு கறித்தோசையை முக்கால் மணி நேரம் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து போர்டைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “என்ன எழுதியிருக்கு?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பேரப் போட்டு வச்சுட்டா வர்றவனுக்கும் லேசு,” என்றார். கிண்டலா, பாராட்டா என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் போர்டுகளைப் படிக்க ஆரம்பித்தேன். கோனார், ஐயங்கார், நாடார், முதலியார் என்று சமையலறைக்கு ஒரு சாதி வைத்திருக்கிறோம். சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு கபேயின் போர்டிலிருந்த ‘பிராமணாள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்காகப் பெரியார் 1957-இல் போராட்டமே நடத்தினார். அது உரிமை பேசுகிற பெயர். இப்போது இருப்பவை ருசி பேசுகிற பெயர்கள், ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். எல்லாருக்கும்தான் பரிமாறுகிறார்கள், நானே எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் எங்கள் தெருவின் பெயரைப் போட்டு ‘மெஸ்’ என்று எழுதிய ஒரு போர்டை நான் மதுரையில் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் அம்மா வைக்கிற அயிரை மீன் குழம்புக்கு ஈடாக நான் எந்த மெஸ்ஸிலும் சாப்பிட்டதில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். பாசம் பேசுகிறது என்றால் பேசட்டும்.

சாதியை விட்டுச் சாமி பெயரைப் போட்டுப் பிழைத்தவர்கள் முனியாண்டி விலாஸ்காரர்கள். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டில் கிடக்கிற வடக்கம்பட்டி அவர்களுக்கு ஊர். 1930-களில் காரைக்குடியில் முதல் கடை போட்டவர் அந்த ஊர்க்காரர். அப்புறம் தென்னாடு முழுக்கப் பரவியது. அன்றைய முதல் பில் காசை முனியாண்டிக்கு என்று தனியாக எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். தை மாதம் பூஜையில் ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகக் கறி பிரியாணி வெந்து, விடியும்போது பிரசாதமாக எல்லாருக்கும் போகும். உடன் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் ஊர் அது, ஒரு வருஷம் போனேன். வெளுக்காத வானம், பனி, ஆவி. தூக்குவாளியை நீட்டினேன். பிரியாணி போட்டவர் கரண்டியை வாளிக்குள்ளேயே விட்டு, ஒரு தட்டுத் தட்டிக் கவிழ்த்தார். கரண்டி வாளியில் இடித்த ‘டங்’ என்ற சத்தத்தில் நான் ஒரு நிமிஷம் நகராமல் நின்றுவிட்டேன். பின்னாலிருந்தவர் “போங்கம்மா, ஆறிப்போகும்” என்றார்.

அம்மா ஹோட்டலுக்கே வந்ததில்லை. காசு கரி என்பது ஒரு காரணம், ஆம்பளைகள் இருக்கிற இடம் என்பது இன்னொன்று. 1996-இல் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிவந்து, மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடைக்கு அழைத்துப்போனேன். மத்தியானம் தாண்டின நேரம், வெள்ளையப்பம் சூடாக வரும். போர்டை நான் வாசித்ததும் அம்மாவின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. “இங்க நம்ம போலாமா?” என்றாள். போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வெள்ளையப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காரச் சட்னி தொட்டு ஒரு விள்ளல் வாயில் போட்டாள். “உளுந்து நல்ல உளுந்துதான். இதுக்குப் போயி இம்புட்டுக் காசா?” என்றாள். ஆனாலும் இன்னொன்று கேட்டாள்.

காபி வந்தபோதுதான் சொன்னாள்.

“அன்னைக்கு ஒன்னையக் கூட்டிக்கிட்டு வந்தாகள்ல வெத்தல வண்டியில. அன்னைக்குத்தான் அவுகளும் மொத மொத உள்ள போனது.”

பத்துப் பன்னிரண்டு வருஷமாக லோடு கொண்டுவந்தவர். அதுவரைக்கும் கல்பாலத்துப் பக்கம் பிளாட்பாரத்தில் இட்லி விற்ற ஒரு ஆத்தாவிடம்தான் சாப்பிட்டிருக்கிறார். என்னைத் தரையில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்ல மனசு வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம். டபராவும் டம்ளரும் பற்றியும் சொல்லியிருக்கிறார். “அந்தப் பய ஏங் கையிலருந்து புடுங்கிட்டான்டி” என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் அந்த வாசலில் அவர் நின்ற நேரம் அம்மா சொன்ன அன்றைக்கே எனக்கு மாறிப்போய்விட்டது. அதுவரை அவர் ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வரும்போது எனக்கு அந்த இட்லி ஆத்தாதான் மனசில் வருவாள். பிறப்பைச் சொல்லி ஊரார் துரத்திவிட்ட பிள்ளை, மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடு வீடாக வாங்கி வந்து, கண் இல்லாதவர் கால் இல்லாதவர் எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுவிட்டு, மீந்ததைத் தின்று, திருவோட்டையே தலைக்கு வைத்துப் படுத்தவன். மழை கொட்டுகிற நடுராத்திரியில் பசியென்று வந்து நின்றவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் தவித்தபோதுதான் தேவி அமுதசுரபியைக் கொடுக்கிறாள். மதுரையில் ராத்திரிக் கடை போட்ட முதல் ஆள் அவன்தான் என்று வகுப்பில் சொல்வேன். இது பாடத்திட்டத்தில் இல்லையே என்று யாரும் கேட்டதில்லை.

அப்பாவுக்கு இலை எடுப்பதில் சங்கடம் இல்லை. கையேந்தி பவனில் சாப்பிட்டால் அவரவர் இலையை அவரவர் டிரம்மில் போடவேண்டும். ஒரு நாள் ராத்திரி யானைக்கல்லில் நின்று சாப்பிடும்போது, கார் சாவியை விரலில் மாட்டியிருந்த ஒருத்தர் இலையை மடித்து எடுத்துப்போனார். பின்னாலேயே மூட்டை தூக்குகிறவர், அப்புறம் ஒரு போலீஸ்காரர். நான் அப்பாவின் இலையையும் சேர்த்து எடுக்கப் போனேன். கையைத் தள்ளிவிட்டார். “எல்லாரும் எடுக்குறாகள்ல. நானும் எடுத்துக்கிர்றேன்.” மடித்த இலையை அவர் டிரம்மில் போட்ட விதத்தில் ஒரு ஸ்டைல்கூட இருந்தது. 2013-இல் அம்மா உணவகம் வந்து, ஒரு ரூபாய் இட்லிக்கு வரிசையில் நின்றபோதும் அவருக்கு அதே சந்தோஷம். “வக்கீலும் நிக்கிறான், நானும் நிக்கிறேன்.” அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஊர் டீக்கடையில் தனி கிளாஸை யாரும் ஒழிக்கவில்லை. பேப்பர் கப் வந்தது. எல்லாருக்கும் பேப்பர் கப், குடித்தால் எறி. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் நிம்மதியானார்கள், எங்கள் தெருவும்தான். அப்புறம் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடை, அந்தக் கப்பும் பட்டியலில் வந்தது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வேண்டுமென்றே கடைக்குப் போய் நின்றேன். பேரன் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தான். குடித்தேன். என் தம்பி மகனுக்கு எதில் கொடுக்கிறான் என்று பார்ப்பதற்காகக் காத்திருந்தேன். அவன் அன்றைக்கு டீயே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

போன மாதம் பேத்தி வந்திருந்தாள். ஹைதராபாத்தில் மூன்றாவது படிக்கிறாள். மதுரையில் எத்தனையோ இருக்க, ஒரு மாலில் மேல்மாடி காபிக் கடைதான் வேண்டும் என்றாள். காபி காகிதக் குவளையில் வந்தது, என் பெயரைத் தப்பாக எழுதி. நுரையில் இலைக் கொடி மாதிரி ஒரு படம் வரைந்திருந்தார்கள். கொடிக்கால் வெற்றிலை மாதிரியே இருந்தது. பேத்தி கேக்கைப் பாதி தின்றுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு அறிவிப்பு, தட்டைத் தாங்களே கொண்டுபோய் ஓரத்தில் வைக்கும்படி, மரியாதையான தமிழில்.

சுற்றிப் பார்த்தேன். சிலர் எடுத்துப் போனார்கள். பலர் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். நான் தட்டைப் பிடித்தேன், வழக்கம்போல் கை முந்திக்கொண்டது. விடவில்லை. எழுந்து நடந்தேன்.

நீலப் புடவை யூனிஃபார்மில் ஒரு அம்மா வேகமாக வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் துடைக்கிற துணி.

“வையுங்கக்கா. அத நாங்க பாத்துக்கிருவோம்.”

தட்டின் ஒரு பக்கம் அவள் கை, ஒரு பக்கம் என் கை. “எந்த ஊரும்மா?” என்று கேட்டேன். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர் சொன்னாள். எனக்குத் தெரிந்த ஊர். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டேன்.

“மூணு மணிக்குத்தான்க்கா. டப்பா கொண்டாந்திருக்கேன்.”

“எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?”

அவள் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தாடையால் பின்பக்கக் கதவைக் காட்டினாள். “அங்கிட்டு, படிக்கட்டுல. காத்து நல்லா வரும்க்கா.”

பேத்தி லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று, “பாட்டி, வா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.